முற்றமும் மூட்டையும்: கறிக்கோழியின் துணைத்தீவனங்கள் பற்றி ஓர் ஆய்வு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா என வழங்கும் படேவியா நகரத்தில், பெரிபெரி நோயின் மூலகாரணத்தைத் தேடிக்கொண்டிருந்த கிறிஸ்டியான் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், தம் சோதனைச்சாலைக் கோழிகள் கால் தள்ளாடி, நிற்க மாட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வதைக் கண்டு திகைத்தார். சில மாதங்கள் கழித்து, தாம் யாதொரு சிகிச்சையும் செய்யாதிருக்க, அவை எழுந்து நடமாடத் தொடங்கியதைக் கண்டபோது அதனினும் அதிகமாகத் திகைத்தார். விசாரித்ததில் வெளிப்பட்ட விஷயம் வேடிக்கையானது. நோய் கண்ட காலத்தில் அக்கோழிகளுக்கு இராணுவ மருத்துவமனையின் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்தது. பின்னர் வந்த சமையற்காரர், இராணுவத்து அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகள் தின்பதாவது என்று மறுத்துவிடவே, அவை தவிடு நீங்காத மலிவான அரிசிக்குத் திரும்பியிருந்தன. சோற்றில் ஏதோ விஷம் இருப்பதாகவும், தவிடு அதற்கு மாற்றாக அமைவதாகவும் ஐக்மான் முதலில் அபிப்பிராயப்பட்டார். அவருக்குப்பின் அப்பணியை ஏற்ற கெரிட் க்ரைன்ஸ் என்பவர்தான் 1901-இல், கோழிகளைச் சாய்த்தது சோற்றில் இருந்த விஷமன்று, அதில் இல்லாமற்போன ஒரு சத்தே என்று விளக்கினார். ஐக்மானுக்கு 1929-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரரின் பங்கை எந்தப் பரிசுக் குழுவும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கறிக்கோழித் தீவனத்தில் இன்று சேர்க்கப்படும் துணைப்பொருள்களின் சரித்திரம் முழுவதும் இந்தச் சம்பவத்தின் விரிவாகவே நமக்குத் தோன்றுகிறது. முற்றத்தில் திரிந்த நாட்டுக்கோழிக்கு எவரும் சத்து அளந்து போட்டதில்லை. குப்பைமேட்டைக் கிளறிப் புழுவையும் கரையானையும் பொறுக்கியது; வேலியோரத்துக் கீரையைக் கொத்தியது; மண்ணையும் சுண்ணாம்புச் சிப்பியையும் விழுங்கியது; பகலெல்லாம் வெயிலில் நின்றது; குஞ்சாய் இருந்தபோது தாய்க்கோழியின் எச்சத்தைக் கிளறியே தன் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைப் பெற்றது. இயந்திரத்தில் பொரிந்து, தாயைக் காணாமல், தென்னைநார்த்தூள் பரப்பிய கொட்டகைக்குள் வந்து, ஏறக்குறைய ஆறு வாரத்தில் வாழ்வை முடித்துக்கொள்ளும் கறிக்கோழியோ இவை அனைத்தையும் இழந்தது. இழந்தவற்றை ஒவ்வொன்றாகக் கண்டறிந்து, தூளாக்கி, மூட்டையில் கட்டித் திருப்பிக் கொடுத்த முயற்சியே துணைத்தீவனம் என்பது. இப்படிப் பார்த்தால், எந்தச் சரக்கு உண்மையான குறையை நிரப்புகிறது, எது இல்லாத குறைக்கு மருந்தாக விற்கப்படுகிறது என்று பிரித்தறிவதும் ஓரளவு சுலபமாகிறது.

முதலில் போனது வெயில். 1920-களில் அமெரிக்காவில் குளிர்காலத்தில் கொட்டகைக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகள் எலும்பு வளைந்து காலூன்ற முடியாமற்போயின. மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக் தீவனத்தின்மேல் புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சிக் காட்டியதும், வெயிலின் வேலையை வைட்டமின் டி செய்யும் என்பதை ஸ்தாபித்தன. வருஷம் முழுவதும் கூரைக்கடியிலேயே கோழி வளர்க்கலாம் என்ற தைரியம் அதன் பின்னரே உண்டாயிற்று; ஆகவே, இன்றைய கறிக்கோழித் தொழிலின் அஸ்திவாரக் கல் ஒரு வைட்டமின் என்று சொல்வதில் பிழையில்லை. மனிதனுக்குப் பயன்படும் தாவர வகையான டி2, கோழிக்கு அற்ப பிரயோஜனமே தரும். டி3-தான் அதற்கு வேண்டும். கீரையின் இழப்பும் இதே போல் வெளிப்பட்டது: கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் கொழுப்பு நீக்கிய உணவு கொடுத்து வளர்த்த குஞ்சுகள் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து இறந்தன, இரத்தத்தை உறையச் செய்யும் அந்தச் சத்துக்கு 1935-இல் அவர் வைட்டமின் கே என்று பெயரிட்டார். மாங்கனீஸ் குறைந்தால் குதிகால் தசைநாண் இடம் பெயர்ந்து கால் கோணும். ரிபோஃபிளேவின் குறைந்தால் விரல்கள் உள்ளே மடங்கும். செலினியமும் வைட்டமின் ஈ-யும் ஒருங்கே குறைந்தால் மார்புத் தோலடியில் நீர் கோக்கும். இவை யாவும் பாடப்புத்தகத்தில் படிக்கும் வியாதிகளாகிவிட்டன. ஒழுங்கான தீவனம் போடும் பண்ணையில் இவற்றை ஆயுள் முழுதும் காணாத வைத்தியர்கள் உண்டு.

இந்த வெற்றியின் அளவை எண்ணிப் பார்க்கையில் ஆச்சரியம் உண்டாகிறது. கறிக்கோழித் தீவனத்தில் பத்தில் ஒன்பது பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான். எஞ்சியதில் எண்ணெய், டைகால்சியம் பாஸ்பேட், சுண்ணாம்புக்கல் மாவு, உப்பு ஆகியவை போக, வைட்டமின்களும் நுண்தாதுக்களும் ஒரு டன்னுக்குச் சில கிலோவுக்குள் அடங்கிவிடும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994-இல் வெளியிட்ட தேவைப் பட்டியலின்படி கோழிக்கு வேண்டிய பி12, தீவனத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது ஒரு டன்னுக்குப் பத்தே மில்லிகிராம். இதை டன் முழுவதும் சமமாகக் கலப்பது எளிதன்று. மேலும், ஈரத்தை ஈர்க்கும் கோலின் குளோரைடும், செம்பு இரும்பு உப்புகளும் வைட்டமின்களோடு ஒரே பையில் வெகுநாள் கிடந்தால் அவற்றைச் சிதைத்துவிடும். தகரக் கூரையின்கீழ்ச் சித்திரை வைகாசி வெயிலில் அடுக்கிவைத்த பையின் முகப்பில் அச்சிட்ட அளவு, பையின் உள்ளே அப்படியே இருக்குமென்று நம்புவதற்கு நியாயமில்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது புழுவின் இழப்பு. தானியமும் புண்ணாக்கும் எவ்வளவு கொடுத்தாலும் அவற்றின் புரதத்தில் சில அமினோ அமிலங்கள் குறைவு. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தில் முதலில் குறைபடுவது மெத்தியோனின், அதன்பின் லைசின், பின்பு திரியோனின். இறகு பெரும்பாலும் கந்தகமுள்ள புரதத்தால் ஆனதாகையால் மெத்தியோனின் கோழிக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முன்னாளில் இக்குறையை மீன்தூளும் கருவாட்டுத்தூளும் ஈடுசெய்தன. இன்று மெத்தியோனினைப் பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து இரசாயன ஆலைகளிலும், லைசினை 1950-களில் ஜப்பானில் கண்டறியப்பட்ட ஒரு பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்தும் செய்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007-இல் வகுத்தபடி கறிக்கோழியின் தொடக்கத் தீவனத்தில் 23 சதவீதமும், அடுத்ததில் 22-உம், இறுதித் தீவனத்தில் 20-உம் புரதம் இருக்க வேண்டும். ஆயினும் கோழிக்கு வேண்டுவது புரதம் என்ற மொத்த எண்ணன்று, அதற்குள் அமினோ அமிலங்கள் அமைந்திருக்கும் விகிதமே என்பது இப்போது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. விகிதம் சரியாயிருந்தால் மொத்தப் புரதத்தை ஓரிரு சதவீதம் குறைக்கலாம்; ஒரு சதவீதம் குறைத்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும்; கூளம் ஈரமாகாது, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்காது, பாதம் புண்ணாகாது. துணைப்பொருள்களில், போட்ட பணத்துக்குத் தவறாமல் கணக்குச் சொல்வது இந்த வகையே என்பது நம் கருத்து.

இதற்கு நிகராக வைக்கத் தக்கது ஃபைட்டேஸ் என்னும் நொதி ஒன்றுதான். தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற உப்பாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி கோழியின் குடலில் போதிய அளவு இல்லை. ஆகையால் எலும்புக்கென்று விலை கொடுத்து வாங்கிய பாஸ்பேட்டைத் தனியே சேர்ப்பதும், உள்ளே இருந்த பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியேறி நீர்நிலைகளைக் கெடுப்பதும் ஒரே சமயத்தில் நடந்துவந்தன. எருவின் பாஸ்பரஸால் மண்ணும் நீரும் கெட்டுத் தவித்த நெதர்லாந்தில் 1991-இல் முதல் ஃபைட்டேஸ் விற்பனைக்கு வந்தது. சூழல் சட்டங்களின் நெருக்கடியால் பிறந்த சரக்கு, பாஸ்பேட் விலையேறியதும் உலகமெங்கும் சிக்கனத்தின் பொருட்டு ஏற்கப்பட்டது. கோதுமையும் பார்லியும் தின்னும் ஐரோப்பியக் கோழிகளுக்குக் குடலில் பிசினாகும் நார்ப்பொருளைக் கரைக்க சைலனேஸ், குளுக்கனேஸ் ஆகிய நொதிகள் மிகுந்த நன்மை செய்கின்றன. மக்காச்சோளம் தின்னும் நம் கோழிகளுக்கு அந்த நன்மை அதே அளவில் கிட்டுவதில்லை. அயல்நாட்டுப் பரிசோதனையின் முடிவைக் காட்டி இங்கே சரக்கு விற்பவரிடம், அங்கே கோழிக்குப் போட்ட தானியம் எது என்று ஒரு கேள்வி கேட்பது உசிதம்.

இனி, இத்துறையில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளான விஷயத்துக்கு வருவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், நியூயார்க் அருகே லெடர்லே ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராயிருந்த காலத்தில்தான், அவருடைய மேற்பார்வையில் பெஞ்சமின் டகர் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர் எதிர்மருந்தை (ஆன்டிபயாடிக்) கண்டெடுத்தார். சுப்பாராவ் 1948 ஆகஸ்டில் காலமானார். அவ்வருஷ இறுதியில் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாடும், புலால் உணவில் மட்டும் இருப்பதாகக் கருதப்பட்ட வளர்ச்சிச் சத்தை, அதாவது பி12-ஐ, மலிவாகப் பெறும் நோக்கத்துடன், அம்மருந்தை வடித்தபின் எஞ்சிய புளிப்புக் கசடைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் பி12 மட்டும் தந்திருக்கக்கூடிய அளவையும் கடந்து வளர்ந்தன. கசடில் தங்கிய சொற்ப மருந்தே காரணம் என்று தெளிந்ததும், 1950-க்குப் பிறகு, நோயில்லாத கோழிக்கும் தினந்தோறும் எதிர்மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் கடல் கடந்து பரவிற்று.

அந்த வளர்ச்சி எங்கிருந்து வந்தது என்பதுதான் நம் கேள்விக்கு மையம். இங்கிலாந்தில் மேரி கோட்ஸும் அவருடைய சகாக்களும் 1963-இல், நுண்ணுயிரே இல்லாத சூழலில் பொரித்து வளர்த்த குஞ்சுகளுக்கு எதிர்மருந்து கொடுத்துப் பார்த்தபோது அது வளர்ச்சியைக் கூட்டவில்லை. அதற்கு முன்பே, புதிதாகக் கட்டிய, கோழி வாடையே படாத கொட்டகைகளில் அதன் பலன் மங்கிவிடுவதும் கவனிக்கப்பட்டிருந்தது. ஆகவே எதிர்மருந்து கோழிக்குள் புதிய சக்தி எதையும் ஊட்டவில்லை. அழுக்கும் நெரிசலும் குடலில் உண்டாக்கிய தடையையே விலக்கிற்று. அப்படியானால் தடையை விலக்க வேறு வழி இருக்கக்கூடும் என்பது தர்க்கரீதியான முடிவு. அந்த வழியைத் தேடாமல் மருந்தையே நம்பியதன் விளைவு மனிதனைத் தாக்கிற்று: தீவனத்தில் அவோபார்சின் என்ற எதிர்மருந்தைக் கலந்த பண்ணைகளில், மருத்துவமனைகளின் கடைசி ஆயுதங்களுள் ஒன்றான வான்கோமைசினுக்கும் அடங்காத கிருமிகள் தோன்றின, டென்மார்க் 1995-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலும் அதைத் தடைசெய்தன, வளர்ச்சிக்காக எதிர்மருந்து கலப்பது 2006 ஜனவரி முதல் தேதியோடு ஒன்றியம் முழுவதும் நின்றது. நம் நாட்டில், டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 70 கோழிக்கறி மாதிரிகளில் 40 சதவீதத்தில் எதிர்மருந்தின் எச்சம் இருந்தது. கோலிஸ்டின் மருந்தைத் தீவன உபயோகத்துக்கு மத்திய அரசு தடைசெய்தது 2019 ஜூலையில்.

தடையால் கோழித்தொழில் கெட்டுவிடும் என்று முன்பு எழுப்பிய கூக்குரல் மெய்ப்படவில்லை. டென்மார்க்கின் பண்ணைக் கணக்குகளில், எதிர்மருந்தை நிறுத்திய பின் தீவனச் செலவு மிகச் சிறிதளவே கூடிற்று, இறப்பு கூடவில்லை, சதுர மீட்டருக்குக் கிடைத்த கறியும் குறையவில்லை. ஆனால் இதை வைத்து நாளையே நம் ஊர்க் கொட்டகைகளில் நிறுத்திவிடலாம் என்று வாதிப்பவர், டேனிஷ் கொட்டகையின் சுத்தத்தையும், இரண்டு வளர்ப்புகளுக்கு இடையே அவர்கள் விடும் ஓய்வையும் உடன் எடுத்துக் கூறுவதே நேர்மை.

எதிர்மருந்து காலிசெய்த இடத்தில் உட்கார இன்று பலர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுள் கௌரவமான பூர்வீகம் உடையவை நன்மை செய்யும் நுண்ணுயிர்கள். ஃபின்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா பரவியபோது, எஸ்கோ நுர்மியும் ரன்டலாவும் பொரிந்த முதல் நாளே குஞ்சுகளுக்குப் பெரிய கோழியின் குடல் பொருளைப் புகட்டி, அக்கிருமி குடியேற இடமில்லாமற் செய்யலாம் என்று 1973-இல் நிரூபித்தார்கள். தாயின் எச்சத்தைக் கிளறிய குஞ்சு இனாமாகப் பெற்றுவந்ததன் செயற்கை வடிவம் இதுவென்பதைக் கூறவேண்டியதில்லை. கடைச்சரக்காக வரும் லாக்டோபாசில்லஸ், தீவனத்தை நீராவியில் வேகவைத்துக் குருணையாக்கும் சூட்டில் மடிந்துபோகும். பாசில்லஸ் வகை விதையுறைக்குள் அடங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஆதலால் புட்டியின் பெயரைவிட, எந்தக் கட்டத்தில் எப்படிக் கலக்கிறார்கள் என்பதே முக்கியம். ஈஸ்ட்டின் செல்சுவரிலிருந்து எடுக்கும் மானன் சர்க்கரைகளும், ஃபார்மிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களும் இவற்றின் துணைவர்கள். மஞ்சள், பூண்டு, மிளகு, நிலவேம்பு முதலிய நம் சரக்குகளும், ஓமத்தின் நெடிக்குக் காரணமான தைமாலும் இப்போது அழகிய பைகளில் வருகின்றன. மஞ்சளின் குர்குமின் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. அது பயன்பட்டால் குடலுக்குள்ளேயே பயன்பட வேண்டும். பரிசோதனைகள் சிலவற்றில் எடை கூடுகிறது, சிலவற்றில் கூடவில்லை. கல்லூரிக் கூண்டில் இருபது முப்பது கோழிகளை வைத்துச் சுத்தமாக நடத்தும் சோதனையில், விலக்குவதற்குத் தடையே இல்லாதபோது, தடையை விலக்கும் பொருள் பலன் காட்டாமற்போவது இயல்பு. மேரி கோட்ஸின் பாடத்தை மறந்து நடத்தும் சோதனைகள் பெருகியிருப்பது இத்துறையின் துர்ப்பாக்கியம்.

பூஞ்சை விஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் அவற்றின் ஈரலை அழித்தது பின்னரே புலனாயிற்று. இன்று பென்டோனைட் முதலிய களிமண்களைத் தீவனத்தில் சேர்த்து அவ்விஷத்தைக் கட்டிப்போடுகிறார்கள். அஃப்ளடாக்சினை நன்றாகப் பிடிக்கும் அக்களிமண், டி-2 (T-2) போன்ற வேறு பூஞ்சை விஷங்களை அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மழையில் அறுத்த மக்காச்சோளத்தைக் களத்தில் இரண்டு நாள் கூடுதலாக உலர்த்துவதற்கு ஈடான களிமண் எங்கும் தோண்டப்படவில்லை.

இவ்வளவும் சேர்ந்து கோழியை எவ்வளவு மாற்றின? கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார், 1957, 1978, 2005 ஆகிய வருஷங்களின் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டு ஒன்றாக வளர்த்து 2014-இல் வெளியிட்ட கணக்கில், 56-ஆம் நாள் எடை முறையே 905, 1808, 4202 கிராம். அதற்கு முன் 2003-இல் அமெரிக்காவில் ஹேவன்ஸ்டைன் குழுவினர், 1957-ஆம் ஆண்டுக் கோழியை அக்காலத் தீவனத்திலும், 2001-ஆம் ஆண்டுக் கோழியை இக்காலத் தீவனத்திலும் வளர்த்தபோது 42-ஆம் நாளில் முன்னது 539 கிராமும் பின்னது 2672 கிராமும் நின்றன. இந்த மாற்றத்தில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு இனத்தேர்வின் விளைவென்றும், எஞ்சியதே தீவனத்தின் பங்கென்றும் அவர்கள் கணித்தார்கள். கறிக்கோழி ஊசியால் ஊதுகிறது என்று டீக்கடையில் சாதிப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் போட்டால் ஜீரணமாகிவிடும். பல்லாயிரம் கோழிகளுக்குத் தினமும் ஊசி போட எந்தப் பண்ணைக்காரருக்கும் ஆளும் இல்லை, காசும் இல்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சேவல்களின் கழுத்தில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் பதித்ததுண்டு. அது கோழிக்கு 1959-லேயே தடையாயிற்று. ஆனால் பத்துப் பதினைந்து பங்குதானே தீவனத்தின் பங்கு என்று அதை அலட்சியம் செய்வதும் தகாது. அவ்வளவு வேகமாக வளரும் உடலில் மெத்தியோனினோ டி3-யோ சிறிது குறைந்தாலும், முற்றத்துக் கோழி வாரக்கணக்கில் தாங்கியதை இது நாள்கணக்கில் தாங்க மாட்டாமல் காலில் விழும். இனம் ஏற ஏற, மூட்டையின் பொறுப்பும் ஏறுகிறது.

கொங்கு நாட்டின் பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் கறிக்கோழி வளர்ப்பவர் பெரும்பாலும் தீவனத்தைத் தேர்ந்தெடுப்பவர் அல்லர். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகையும் உழைப்பும் தண்ணீரும் கரண்டும் விவசாயியுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. துணைத்தீவனத்தைப் பற்றிய சர்ச்சையெல்லாம் மூட்டையின் வாயைத் தைப்பதற்கு முன்பே வேறோர் இடத்தில் முடிந்துவிடுகிறது. அவர் கைக்கு எட்டுவது தண்ணீர்த் தொட்டியில் ஊற்றும் புட்டிகள் மட்டுமே. கோடையில் அந்தப் புட்டிகளுக்குக் காரணம் இல்லாமலில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்தே சூட்டைத் தணிக்கிறது. இரைக்க இரைக்கக் கரியமில வாயு அளவுக்குமேல் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சாதாரண நாளில் தன் சிறுநீரகத்திலேயே வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும் பறவை அப்போது தன் தேவைக்குத் தயாரிக்க முடியாமற்போகிறது. உப்புக்கரைசலும், சோடாவுப்பும், வைட்டமின் சி-யும் அச்சமயத்தில் உயிர் காக்க உதவுவது உண்டு.

சித்திரை மாதத்தின் நடுவில் பல்லடத்துக்கு அருகே ஒரு கொட்டகைக்குச் சென்றிருந்தோம். முப்பத்தைந்து நாள் கோழிகள். ஜன்னல் திண்டில் மூன்று வகைப் புட்டிகள். சூட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அந்தப் பெரியவர் புட்டிகளின் பக்கம் திரும்பாமல், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிய தீவனத் தட்டுகளைக் காட்டினார். "பதினோரு மணிக்கெல்லாம் இதைய மேல தூக்கிக் கட்டிருவேனுங்க. தின்னுச்சுன்னா உள்ளார சூடு ஏறுமுங்க. வெயில் தாழ்ந்து அஞ்சு மணிக்கு எறக்குவேன், ராத்திரி பூரா தின்னுக்கும்." பிறகு நாம் புட்டிகளைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அது சூப்பர்வைசர் குடுத்துட்டுப் போனதுங்க, அதையும் ஊத்திருவோம்" என்றார்.